வாஷிங்டனில் போட்ட கணக்கும் நம் செக்ரோலும்

(பனிச்சங்கேணி வாவிக்கரையில் 2025 செப்டெம்பரில் நடந்த தோட்டத் தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம் பிள்ளைகள் பாலத்தடிக்கு ஓடிவிட்டார்கள். மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. வாவியில் வலையைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது: "மாமா, இந்த நண்டெல்லாம் நீங்களே சாப்பிடுவீங்களா?" அவர் சிரித்துவிட்டுச் சொன்னாராம்: "பெரிய நண்டு நமக்கில்ல மகள். அது கொழும்புக்குப் போய் பிளேன் ஏறும். சின்னதுதான் நம்ம சட்டிக்கு."

அந்தப் பிள்ளை ஓடிவந்து நம்மிடம் சொன்னது: "டீச்சர், நம்ம தேயிலை மாதிரியேதான். நல்ல தூள் கப்பலுக்கு, டஸ்ட் நமக்கு."

நாம் இரண்டு மணித்தியாலம் பேச வந்ததை அந்தப் பிள்ளை ஒரு மூச்சில் சொல்லிவிட்டது. ஆனாலும் பேசத்தான் வேண்டும். நம்மில் சிலர் மலையில் கொழுந்து எடுக்கிறோம். சிலர் இந்தப் பக்கம் கஜுத் தோட்டத்திலும் தென்னந்தோட்டத்திலும் கூலிக்குப் போகிறோம். சிலருடைய பிள்ளைகள் கார்மெண்டில் தைக்கிறார்கள். நாம் எடுப்பது, பொறுக்குவது, உரிப்பது, தைப்பது எல்லாம் பெரும்பாலும் கடல் கடந்து போகிறது. அதன் விலையை நிர்ணயிக்கிற மேசை நம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறது. அந்த மேசையில் இந்த வருடம் என்ன நடந்தது, அது நம் அடுப்படிக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஏப்ரலில் வந்த ஒரு தொலைபேசி

இந்த வருடம் ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் நாடுகளின் பெயர், பக்கத்தில் ஒரு எண். இலங்கைக்கு நேராக 44 வீதம்.

அடுத்த நாள் இடைவேளை நேரம் ஒரு அம்மா பாடசாலைக்கு வந்தார். கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்தார், படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. அவருடைய மூத்த மகள் நம்மிடம் படித்த பிள்ளை. சாதாரண தரம் முடித்துவிட்டு கொழும்புப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். அவள் காலையில் அழுதுகொண்டு பேசினாளாம்: "கம்பனிய மூடப் போறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா."

அந்த அம்மா நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான். "டீச்சர், அமெரிக்காக்காரன் ஏன் நம்ம புள்ளைக்கு வரி போடுறான்? அவ என்னா செஞ்சா?"

அன்றைக்கு நம்மிடம் பதில் இல்லை. படித்தவர்கள் என்று பெயர், ஆனால் வாய் அடைத்துப் போய் நின்றோம். பிறகு சங்கத்தில் நான்கைந்து பேர் உட்கார்ந்து பத்திரிகைகளை, அறிக்கைகளைத் தேடிப் படித்தோம். படித்ததைத்தான் இப்போது உங்கள் முன்னால் வைக்கிறோம்.

44 எப்படி வந்தது?

இது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. கரும்பலகை இல்லை, விரலில் போடுவோம்.

2024இல் அமெரிக்கா இலங்கையிடம் வாங்கிய பொருட்கள் சுமார் 300 கோடி டொலர். இலங்கை அமெரிக்காவிடம் வாங்கியது சுமார் 37 கோடி டொலர். வித்தியாசம் சுமார் 263 கோடி. அந்த 263ஐ 300ஆல் வகுத்தால் ஏறத்தாழ 88 வீதம் வரும். அதைப் பாதியாக்கினால் 44. அவ்வளவுதான் கணக்கு.

அந்த அட்டையில் "இலங்கை அமெரிக்காவுக்குப் போடுகிற வரி 88 வீதம்" என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். உண்மையில் அது வரியே அல்ல. அவர்கள் நம்மிடம் அதிகம் வாங்குகிறார்கள், நாம் அவர்களிடம் குறைவாக வாங்குகிறோம், அந்த வித்தியாசம். நாம் ஏன் குறைவாக வாங்குகிறோம்? கையில் காசு இல்லை. கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்குகிற குடும்பத்தைப் பார்த்து, "நாங்க உங்க வீட்டுக் கீரைய வாங்குறோம், நீங்க ஏன் எங்க கடையில பிரிட்ஜ் வாங்கல?" என்று தண்டம் போட்டது போல.

பிறகு என்ன நடந்தது? ஒரு வாரத்தில் அந்த வரியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்து, பெரும்பாலான நாடுகளுக்கு 10 வீதம் என்றார்கள். ஜூலையில் கடிதம் வந்தது: 30 வீதம். நம் அரசாங்கத்தின் குழு போய்ப் பேசியது. ஜூலை கடைசியில் 20 வீதம் என்று ஆனது. 2025 ஓகஸ்ட் 7இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்த வரி சட்டப்படி சரியா என்று அமெரிக்க நீதிமன்றங்களிலேயே வழக்கு நடந்தது.  ஆனால் நான்கு மாதத்துக்குள் 44, 10, 30, 20 என்று எண் ஏறி இறங்கியதே, அந்த நான்கு மாதமும் ஓடர் கொடுப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தத் தயக்கம் முதலில் கை வைத்தது ஓவர்டைமில்.

அந்த மகள் மாதம் 15,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் வந்தது 7,000. தம்பியின் பாடசாலைச் செலவும் அடகுக் கடை வட்டியும் அந்தப் பணத்தில்தான் நடந்தன.

வரியை யார் கட்டுகிறார்?

இதில் பலருக்கும் குழப்பம். அமெரிக்கா போடுகிற வரியை இலங்கை அரசாங்கம் கட்டுவதில்லை. நம் தொழிற்சாலையும் கட்டுவதில்லை. அங்கே துறைமுகத்தில் சாமானை இறக்குகிற அமெரிக்க வியாபாரி தன் நாட்டுச் சுங்கத்துக்குக் கட்டுகிறார். அப்படியென்றால் நமக்கு நட்டம் இல்லையே என்று தோன்றும்.

ஒரு சட்டையை எடுங்கள். இங்கேயிருந்து 10 டொலருக்குப் போகிறது என்று வைப்போம். முன்பிருந்த வரிக்கு மேலே இன்னும் 20 வீதம், அதாவது 2 டொலர். வியாபாரி இந்த 2 டொலரை எங்கே போடுவார்? முழுவதையும் விலையில் ஏற்றினால் அங்கே சட்டை விற்காது. தன் இலாபத்தில் குறைக்க மனம் வராது. அதனால் இங்கே தொலைபேசி எடுத்து, "பத்துக்கு முடியாது, ஒன்பதுக்குத் தா" என்கிறார். முதலாளிக்குத் துணி விலை குறையாது, கரண்ட் பில் குறையாது, வங்கி வட்டி குறையாது. குறைக்கக் கூடியது என்று அவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: கூலி. டார்கெட்டைக் கூட்டுவார், ஓவர்டைமை வெட்டுவார், நிரந்தர ஆளை அனுப்பிவிட்டு மேன்பவர் ஆளை எடுப்பார். மேலிருந்து உருட்டிவிட்ட கல் ஒவ்வொரு படியிலும் தட்டி, கடைசியில் அடிவாரத்தில் நிற்பவர் காலில் விழுகிறது.

இலங்கையின் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 வீதம் அமெரிக்காவுக்கே போகிறது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தொழிலில் நேரடியாக வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். தோட்டத்து லயத்திலிருந்தும் வாகரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் போன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதல்ல

தோழர்களே, உலகச் சந்தை தும்மினால் லயத்தில் காய்ச்சல் வருவது நூறு வருடத்துக்கு மேலான கதை.

1927இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று கூலி நிர்ணயித்தார்கள். அதே வருடம் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தது. 1930இல் அமெரிக்கா ஸ்மூட்–ஹாவ்லி என்ற சட்டத்தால் இறக்குமதி வரியை உயர்த்தியது. மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தின. உலக வியாபாரம் சுருங்கியது. தேயிலை விலையும் றப்பர் விலையும் சரிந்தன. நிர்ணயித்த மை காய்வதற்குள், 1931இலிருந்து 1933 வரை நம் கூலியைப் படிப்படியாகக் குறைத்தார்கள். வேலையில்லாமல் பல்லாயிரம் பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் சேர்ந்து தேயிலை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்தன. விலை மீண்டது. முதலாளி பிழைத்தார். 

இன்னொரு கதை. 1950களின் தொடக்கத்தில் நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. றப்பருக்கு விலை இல்லை. கொரிய யுத்தத்தைக் காரணமாக வைத்து, சீனாவுக்கு றப்பர் போன்ற பொருட்களை விற்கக் கூடாது என்று தடை இருந்த காலம். இலங்கை அந்தத் தடைக்குப் பணியவில்லை. வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனாநாயக்க சீனாவுக்குப் போனார். 1952 டிசெம்பரில் றப்பர்–அரிசி ஒப்பந்தம் கையெழுத்தானது. வருடத்துக்கு 50,000 தொன் றப்பர் நாம் கொடுப்பது, 270,000 தொன் அரிசி அவர்கள் கொடுப்பது. றப்பருக்குச் சந்தையை விட நல்ல விலை கிடைத்தது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்தியது. நாடு பட்டினியால் சாகவில்லை. சின்ன நாடும் தனக்கு வேண்டியதைப் பேசி வாங்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 50,000 தொன் றப்பரில் பெரும் பங்கைப் பால் வெட்டி எடுத்தவர்களில் நம் மக்களும் இருந்தார்கள். நான்கு வருடம் முன்னே, 1948இல்தான் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்திருந்தார்கள். நாட்டுக்குச் சோறு வாங்கிக் கொடுத்த றப்பரை வெட்டியவர்களுக்கு நாட்டில் வாக்கு இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது மனிதர்களையே பங்கு பிரித்தார்கள்: 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. நம்மைக் கேட்காமல் செய்த ஒப்பந்தம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கப்பல் துறையில் நின்று அதைப் படித்தவர்கள்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2017 டிசெம்பரில் ரஷ்யா நம் தேயிலையைத் திடீரென்று நிறுத்தியது. ஒரு பெட்டியில் காப்ரா வண்டு இருந்ததாம். அதே நேரத்தில் இலங்கை 2018 தொடக்கத்திலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைத் தடை செய்ய இருந்தது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்புவதில் முதல் இடம் ரஷ்யாவுக்கு. இரண்டையும் சேர்த்தே பத்திரிகைகள் எழுதின. இலங்கை அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிப் போட்டது. மாதம் முடிவதற்குள் ரஷ்யா தேயிலைத் தடையை நீக்கியது. வண்டு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. நெஞ்சுக்குக் கேடு என்று நாமே தீர்மானித்த கூரைத் தகட்டை, தேயிலையை விற்பதற்காகத் திரும்பத் தலைக்கு மேலே ஏற்றிக்கொண்டோம்.

தேயிலைக்கு என்ன பங்கு?

அமெரிக்கா நம் தேயிலையில் அதிகம் வாங்குவதில்லை. ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம், லிபியா, ஈரான் போன்ற நாடுகள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். அப்படியானால் நமக்குக் கவலை இல்லை என்று சில துரைமார் சொல்வார்கள். ஆனால் அடுத்த கூலிப் பேச்சில் அதே துரைமார் "உலகச் சந்தை சரியில்லை" என்று சொல்லத்தான் போகிறார்கள். அப்போது நாம் திருப்பிக் கேட்க வேண்டும்: "எந்தச் சந்தை? எவ்வளவு?"

நம் வாடிக்கையாளர் நாடுகளைப் பாருங்கள். ஒன்றில் யுத்தம், ஒன்றில் பொருளாதாரத் தடை, ஒன்றில் பணத்தின் மதிப்பு விழுகிறது. ஈரானுக்கு நாம் எண்ணெய்க் கடன் 25 கோடி 10 இலட்சம் டொலர் கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்கத் தடையால் டொலரில் அனுப்ப முடியாது. 2021 டிசெம்பரில் ஒரு உடன்பாடு செய்தார்கள்: மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கடனைக் கழிப்பது. இரண்டு பெரிய நாடுகளின் சண்டைக்கு நடுவில் நாட்டின் கடனைக் கட்டியது நம் கூடைக் கொழுந்து.

இப்போது இன்னொரு கணக்கு. 2024இல் இலங்கை சுமார் 24½ கோடி கிலோ தேயிலை ஏற்றுமதி செய்து, சுமார் 140 கோடி டொலர் சம்பாதித்தது. கொழும்பு ஏலத்தில் கிலோவுக்குச் சராசரி 1,200 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடக் கிடைத்தது.

ஒரு அம்மா ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுக்கிறார். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். ஆக அவர் கையில் நாலு கிலோ தூள். ஏல விலையில் 4,800 ரூபாய். 2025இல் அவருக்குப் பேர் விழுந்தால் 1,350 ரூபாய். மிச்சத்தில் உரம், விறகு, கரண்ட், ஸ்டோர் செலவு, உத்தியோகத்தர் சம்பளம், சேமலாப நிதி எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த நாலு கிலோவைத் தேநீர்ப் பையில் போட்டால், பைக்கு 2 கிராம் கணக்கில் 2,000 பை. நூறு நூறாகப் பெட்டியில் போட்டால் 20 பெட்டி. வெளிநாட்டுக் கடையில் ஒரு பெட்டி ஐந்து டொலர் என்று வைத்தாலே 100 டொலர். நம் காசில் 30,000 ரூபாய்.

1,350க்கும் 30,000க்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது என்று பாருங்கள். வரியால் சிரமம் என்றால், அந்தச் சிரமத்தை அந்த நடுக் கைகள் முதலில் பகிர்ந்துகொள்ளட்டும். ஏன் எப்போதும் 1,350இலிருந்தே தொடங்க வேண்டும்? நாம் 1,700 கேட்டபோது "தாங்காது" என்றவர்கள், டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய 2022இல் ஏற்றுமதிக்குக் கூடுதலாகக் கிடைத்த ரூபாயில் எவ்வளவைக் கூலியில் சேர்த்தார்கள்? கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கணக்கோடு கேளுங்கள்.

இந்தியாவுக்கு 50, நமக்கு 20: சிரிக்கலாமா?

2025 ஓகஸ்ட் 27இலிருந்து இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 வீதம் வரி எடுக்கத் தொடங்கியது. பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டம். இங்கே சிலர் மகிழ்ச்சியாக எழுதினார்கள்: திருப்பூர் ஓடர் நமக்கு வரும், ஆந்திராவின் இறால் ஓடர் நமக்கு வரும் என்று. வாவிக்கரையில் இருக்கும் உங்களுக்கும் அந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கும்.

வந்தால் வரட்டும், வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் திருப்பூரில் தைக்கிறவர் யார்? நம் மொழி பேசுகிறவர். மதுரைப் பக்கத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர். அவருடைய அம்மாவும் இன்று ஒரு வாத்தியாரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டிருப்பார். 2025 ஓகஸ்டில் பங்களாதேஷுக்கு 20, வியட்நாமுக்கு 20, பாகிஸ்தானுக்கு 19 என்று இருந்தது. ஒவ்வொரு நாட்டு முதலாளியும் தன் தொழிலாளியிடம் பக்கத்து நாட்டைக் காட்டி, "அங்கே இன்னும் மலிவு" என்கிறார். அவர்கள் எல்லோரும் சொல்வதை ஒன்றாக வைத்துப் பார்த்தால், எல்லா இடத்திலும் மலிவாக இருப்பவர் தொழிலாளி மட்டும்தான். பக்கத்துத் தோட்டத்தில் 16 கிலோ, உங்கள் தோட்டத்தில் மட்டும் ஏன் 18 என்று நாம் கேட்டால், துரை 20 எடுக்கிற தோட்டத்தைக் காட்டுவாரே, அதே தந்திரம்.

நமக்குக் கை கொடுக்கும் ஒரு ஒப்பந்தம்

எல்லா வர்த்தக ஏற்பாடும் நமக்கு எதிரானது அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன்படி நம் பொருட்கள் பெரும்பாலும் வரி இல்லாமல் ஐரோப்பாவுக்குப் போகும். பதிலுக்கு 27 சர்வதேசச் சமவாயங்களை நாடு மதிக்க வேண்டும். அதில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை இருக்கிறது, கூட்டாகப் பேரம் பேசும் உரிமை இருக்கிறது, பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது இருக்கிறது. 2010இல் மனித உரிமைக் குறைபாட்டுக்காக இலங்கை இந்தச் சலுகையை இழந்தது. 2017இல் திரும்பக் கிடைத்தது. இந்த வருடமும் ஐரோப்பியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது.

இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சலுகை போகவேண்டும் என்று நாம் ஆசைப்படவில்லை. போனால் முதலில் வேலை இழப்பது நம் பிள்ளைகள். ஆனால் ஒரு தோட்டத்தில் சங்கம் வைத்ததற்காக வேலை நிறுத்தினால், அது அந்தத் தோட்டத்தின் விஷயம் மட்டுமல்ல, நாடு கையெழுத்துப் போட்ட வாக்குறுதியை மீறும் விஷயம் என்று எடுத்துச் சொல்ல நமக்கு ஆதாரம் இருக்கிறது. அதற்கு நாம் நடந்ததை நாள், நேரம், சாட்சியோடு எழுதி வைக்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வேலை போகும் பயத்தில் எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதைப் பிள்ளைகளுக்கு இன்றிரவே போன் எடுத்துச் சொல்லுங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒரு வருடத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்கக் குற்றம் இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டில் ஒன்று வேண்டும்: அவருடைய எழுத்து மூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி. ஓடர் இல்லை என்பது ஒழுக்கக் குற்றம் அல்ல. ஆணையாளர் அனுமதித்தால் நட்டஈடும் உண்டு. முதல் ஐந்து வருடச் சேவைக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம் என்பது கணக்கு. "நானே விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் அந்த நட்டஈடு போய்விடும்.

இரண்டாவது, சம்பளச் சிட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். நெருக்கடி நேரத்தில் முதலில் நிலுவை விழுவது இதில்தான். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. சிட்டை இருந்தால்தான் பேச முடியும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாமார் பிள்ளைகளிடம் கொடுத்து வாசித்துக் கேளுங்கள். நம் பாடசாலையில் கணக்குப் பாடத்துக்குச் சம்பளச் சிட்டையைத்தான் இப்போது உதாரணம் எடுக்கிறோம். பிள்ளைகள் வீத கணக்கில் தப்பு விடுவதே இல்லை!

மூன்றாவது, வர்த்தக ஒப்பந்தம் நம் விஷயம் என்று சங்கம் பேச வேண்டும். இந்தியாவோடு 2000இலிருந்து, பாகிஸ்தானோடு 2005இலிருந்து, சிங்கப்பூரோடு 2018இலிருந்து ஒப்பந்தங்கள் இருக்கின்றன. இந்திய ஒப்பந்தத்தில் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ தேயிலைக்குச் சலுகை என்று ஒரு வரி இருக்கிறது. நம் கொழுந்தைப் பற்றிய வரி அது. எழுதும் முன் எந்த மலையில் வந்து கேட்டார்கள்? இனிமேல் இப்படிப் பேச்சுவார்த்தை என்றால் அதன் விவரம் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே வெளியாக வேண்டும். தேசிய தொழில் ஆலோசனைச் சபையில் அது பேசப்பட வேண்டும். ஏற்றுமதியாளர் சங்கத்துக்கு ஒரு நாற்காலி இருந்தால் தொழிலாளருக்கும் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.

நான்காவது, மலையும் கடலும் கார்மெண்டும் தனித்தனி என்று நினைக்கிற பழக்கத்தை விட வேண்டும். ஒரே லயத்தில் அம்மா கொழுந்து எடுக்கிறார், மகள் தைக்கிறாள், மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். ஒரே குடும்பம் மூன்று சந்தையில் மாட்டியிருக்கிறது. அப்படியிருக்க, சங்கம் மட்டும் ஏன் மூன்றாகப் பிரிந்து நிற்க வேண்டும்?

அந்தக் கேள்விக்குப் பதில்

அந்த மகளின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். ஜூலை மாதம் அவளையும் இன்னும் சிலரையும் அலுவலகத்துக்கு அழைத்து ஒரு கடதாசியைக் கொடுத்தார்களாம். சிங்களத்தில் எழுதியிருந்தது. "சும்மா ஒரு போர்ம்தான்" என்றார்களாம். அவள் பக்கத்து மெஷினில் இருக்கும் சிங்களப் பிள்ளையிடம் வாசிக்கச் சொன்னாள். சுயவிருப்பத்தில் விலகுவதாக எழுதியிருந்தது. அந்தச் சிங்களப் பிள்ளைக்கும் அதே கடதாசிதான். இருவரும் ஒரு படம் பிடித்து வெளியே அனுப்பினார்கள். நாம் சட்டத்தைச் சொன்னோம். யாரும் கையெழுத்துப் போடவில்லை. இன்றுவரை வேலையில் இருக்கிறார்கள். ஓவர்டைம் திரும்பி வரவில்லை. அடகில் இருக்கும் தோடும் திரும்பி வரவில்லை. இதைப் பெரிய வெற்றி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். ஆனால் பத்து வருடம் முன்பென்றால் அந்தப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ் ஏறியிருப்பார்கள்.

"அவ என்னா செஞ்சா?" என்று அந்த அம்மா கேட்டார். இப்போது பதில் சொல்லலாம். அவள் ஒன்றும் செய்யவில்லை அம்மா. வேலை மட்டும்தான் செய்தாள். பெரிய நாடுகள் தங்களுக்குள் மோதும்போது, கேட்க ஆள் இல்லாத இடத்தில் சுமையை இறக்கிவைக்கிறார்கள். கேட்க ஆள் இருக்கிறார்கள் என்று காட்டுவதுதான் நம் வேலை.

மத்தியானம் மீன் குழம்பு தயாராகிறதாம், வாசனை வருகிறது. சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு தோட்டக் கிளையும் தனித்தனியாக உட்கார்ந்து, வெளியில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் பட்டியலை எழுத வேண்டும்: யார், எந்த ஊரில், எத்தனை வருடம், சிட்டை கிடைக்கிறதா என்று. மாதர் சங்கத் தலைவிமார் கொப்பியும் பேனையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாலை பஸ் ஏறும் முன் அந்தப் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்.